அவரும் ஆசிரியர்தான்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். நலம் விசாரித்து முடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"டீச்சர், ஒரு இன்டர்நேஷனல் ஜர்னல்ல என்னை எடிட்டரா சேர்த்துக்கறோம்னு மெயில் வந்திருக்கு. அனுபவம் எதுவும் வேண்டாமாம். போட்டோவும் பயோடேட்டாவும் அனுப்பினா போதுமாம். வருஷத்துக்கு ஆறு கட்டுரை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட வாங்கிக் கொடுக்கணும். எழுதறவங்க பணம் கட்டிடுவாங்க. சேரலாமா டீச்சர்?"

"இதுக்கு முன்னாடி யாரோட கட்டுரையையாவது படிச்சு, இது அச்சுக்குப் போகலாம், இது போகக் கூடாதுன்னு நீ முடிவு சொல்லியிருக்கியாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லை டீச்சர். அதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு சொல்லைப் பாருங்கள். பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர். பத்திரிகையில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று முடிவு செய்பவரும் ஆசிரியர். தமிழில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பதற்கே நான் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி படித்தேன். பாடக்குறிப்பு எழுதி விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் கரும்பலகையில் எழுதுவதைக்கூட கவனித்துக் குறிப்பு எடுப்பார். விடைத்தாள் திருத்துவதற்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அறிவியல் ஆய்விதழின் ஆசிரியர் உலகத்தின் அறிவையே திருத்துகிறவர். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? இதைத் தேடிப் போனபோது, கதை நம் ஊட்டி மலைக்கே வந்து நின்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் வகுப்புப் பிள்ளைகளை அறிவியல் தினத்தன்று வரிசையாக அழைத்துப் போயிருக்கிறேன். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு பிரம்மாண்டமான தொட்டில் மாதிரி சாய்ந்து கிடக்கும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது.

இவ்வளவு இடம் இருக்க, இந்தச் சரிவு எதற்கு? ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அந்த மலையின் வடக்கு தெற்குச் சரிவும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழலச் சுழல, தொலைநோக்கியை அதன் நீளவாட்டில் உருட்டினாலே போதும். வானத்தில் ஒரே புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம்.

இந்தத் தொலைநோக்கி பல வருடங்களாகச் செய்துவரும் வேலைகளில் ஒன்று, சூரியக் காற்றைக் கவனிப்பது. இரவில் நட்சத்திரம் ஏன் மினுக்குகிறது என்று ஆறாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன், நினைவிருக்கிறதா? நடுவில் இருக்கும் காற்று அசைவதால் என்று பதில் சொல்வீர்கள். அதே மாதிரி, வெகு தொலைவில் இருக்கும் விண்பொருளிலிருந்து வரும் ரேடியோ அலையும் மினுக்கும். அங்கே குறுக்கே வருவது நம் ஊர்க் காற்று இல்லை. சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டிருக்கும் மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டம். அதுதான் சூரியக் காற்று. மினுக்கலை அளந்தால் அந்தக் காற்றின் வேகமும் அடர்த்தியும் தெரியும்.

சூரியன் சில சமயம் சீறும். அப்போது இந்த ஓட்டம் புயலாகி பூமியை மோதும். 2015 ஜூன் 22-ந்தேதி அப்படி ஒரு மோதல் நடந்தது. பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் பலவீனப்பட்டதை, ஊட்டியிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் பதிவு செய்தது. சுமார் இரண்டு மணி நேரம் மியூவான் துகள்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தன. அந்த ஆய்வு 2016-ல் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. பெரிய சூரியப் புயல் வந்தால் செயற்கைக்கோள், மின் கட்டமைப்பு எல்லாவற்றுக்கும் ஆபத்து. 2023 செப்டம்பர் 2-ல் நாம் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலமும் இந்தச் சூரியக் காற்றை அளக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தச் சூரியக் காற்று என்ற கருத்து, அச்சுக்குப் போகும் முன்பே குப்பைக்கூடைக்குப் போயிருக்க வேண்டியது. அதைக் காப்பாற்றியது ஓர் ஆசிரியர். பத்திரிகை ஆசிரியர். அவர் நம்ம ஊர்க்காரர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்.

சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சித்தப்பா சி.வி. ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல், 19 வயதில், கப்பலேறி இங்கிலாந்து போனார். 1983-ல் நோபல் பரிசு வாங்கினார். இவ்வளவும் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு வரி உண்டு. 1952-லிருந்து 1971 வரை, 19 வருடங்கள், அவர் அமெரிக்காவின் 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' என்ற வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்தார்.

ஆய்விதழ் எப்படி நடக்கிறது என்று உறவுக்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஞ்ஞானி தன் ஆய்வைக் கட்டுரையாக எழுதி அனுப்புவார். ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்து, அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்து கேட்பார். இவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே தெரியாது. அவர்கள் சரி, தவறு, இந்த இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்புவார்கள். கடைசி முடிவு ஆசிரியருடையது.

1958-ல் யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். வயது 31. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற வெளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அவ்வளவு சூடான வாயு ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது, அது வேகமெடுத்து வெளியே பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பே ஜெர்மனியின் லுட்விக் பியர்மன், வால்நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீள்வதை வைத்து, சூரியனிலிருந்து ஏதோ வந்து அதைத் தள்ளுகிறது என்று சொல்லியிருந்தார். ஆனால் அப்போது பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருந்த கருத்து வேறு. கிரகங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத வெட்டவெளி, அல்லது அசையாமல் பரவி நிற்கும் மெல்லிய வாயு, அவ்வளவுதான்.

பார்க்கரின் கட்டுரை ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலுக்கு வந்தது. சந்திரசேகர் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பினார். முதலாமவர் மறுத்தார். நூலகத்துக்குப் போய் இந்த விஷயத்தைப் படித்துவிட்டு வந்து எழுதட்டும் என்கிற மாதிரி பதில். இரண்டாமவரும் மறுத்தார். இருவருமே அந்தத் துறையில் பெரிய ஆட்கள்.

ஒரே பல்கலைக்கழகம் என்பதால் சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கே வந்து, இரண்டு நிபுணர்களும் தவறு என்கிறார்கள், உண்மையிலேயே இதை வெளியிட விரும்புகிறீர்களா என்று கேட்டாராம். பார்க்கர் பிற்காலத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த பதில் இதுதான்: தவறு என்கிறார்கள், ஆனால் எந்த இடத்தில் தவறு என்று ஒருவரும் காட்டவில்லையே. சந்திரசேகர் சற்று யோசித்தார். சரி, வெளியிடுகிறேன் என்றார். 1958 நவம்பரில் கட்டுரை வெளிவந்தது.

அடுத்த வருடமே சோவியத் ரஷ்யாவின் லூனா விண்கலங்கள் அந்தத் துகள்களை உணர்ந்தன. 1962-ல் வெள்ளிக் கிரகத்துக்குப் போன அமெரிக்காவின் மரைனர்-2, வழியெல்லாம் சூரியக் காற்று வீசிக்கொண்டே இருந்ததை அளந்து சொல்லிவிட்டது. பார்க்கர் சரி. 2018 ஆகஸ்டில் சூரியனை நோக்கி ஏவப்பட்ட நாசா விண்கலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நாசா விண்கலத்துக்கு வைத்தது அதுதான் முதல் முறை. 91 வயதில் அவரே நேரில் பார்த்தார். 2022-ல் காலமானார். சந்திரசேகர் நினைவாகவும் 'சந்திரா' என்று ஒரு விண்வெளித் தொலைநோக்கி 1999-லிருந்து வானத்தில் இருக்கிறது.

இதில் சந்திரசேகர் செய்த காரியம் என்ன என்று கவனியுங்கள். கட்டுரை சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுப்பவர்களின் பதிலில் பெரிய பெயர் இருக்கிறது, கோபம் இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். கணக்கில் பிழை காட்ட முடியாவிட்டால் அதை ஊரார் முன் வைப்பதுதான் முறை என்று முடிவெடுத்தார். நல்ல ஆசிரியர் பெரும்பாலும் மறுக்கத்தான் வேண்டியிருக்கும், ஏனென்றால் வருவதில் பாதிக்கு மேல் தேறாது. ஆனால் மறுப்புக்குக் காரணம் வேண்டும்.

இந்தப் பக்குவம் அவருக்கு எப்படி வந்தது? இதழாசிரியர் பயிற்சி என்று ஒரு வகுப்பிலும் அவர் உட்காரவில்லை. இரண்டு வழியில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அனுபவம். 1944-லிருந்து 1952 வரை எட்டு வருடம் அதே இதழில் துணையாசிரியராக இருந்தார். அப்போது ஆசிரியராக இருந்தவர்கள் முதலில் ஆட்டோ ஸ்ட்ரூவ், பிறகு வில்லியம் மார்கன். பட்டறையில் சின்ன மேஸ்திரி பெரிய மேஸ்திரியைப் பார்த்துக் கற்கிற மாதிரிதான். எட்டு வருடம் கழித்துத்தான் முழுப் பொறுப்பு கைக்கு வந்தது.

இன்னொன்று, அவர் பட்ட காயம். 1935 ஜனவரி 11-ந்தேதி, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் உள்ள நட்சத்திரம் வெண் குறுமீனாக அடங்க முடியாது என்ற தன் கண்டுபிடிப்பை 24 வயது சந்திரசேகர் விளக்கினார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்து வானியலில் முடிசூடா மன்னர். இயற்கை இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாது என்கிற மாதிரி கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை. கணக்கில் எங்கே தவறு என்று எடிங்டன் காட்டவும் இல்லை. பிற்காலத்தில் நோபல் பரிசுக் குழு குறிப்பிட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

1958-ல் பார்க்கர் முன்னால் நின்றபோது அந்தப் பழைய கூட்டம் அவர் நினைவுக்கு வந்ததா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் காரணம் சொல்லாத மறுப்பு ஓர் இளைஞனை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவர் பொறுப்பேற்றபோது அந்த இதழ் வருடத்துக்கு 6 முறை வந்தது. விட்டபோது 24 முறை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்தது, அவர் விடைபெறும் சமயத்தில் அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாக மாறியது. இதற்கு நடுவில் தன் வகுப்புகளையும் விடவில்லை. இரண்டு பெரிய ஆய்வு நூல்களும் எழுதினார்.

எல்லோருக்கும் இப்படி எட்டு வருடமும் கிடைக்காது, அப்படி ஒரு குருவும் கிடைக்க மாட்டார். அதனால்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வந்தது. அந்த வரலாற்றையும் சொல்கிறேன்.

இப்போதும் வந்துகொண்டிருக்கும் மிகப் பழைய அறிவியல் இதழ், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ். 1665 மார்ச் 6-ல் தொடங்கியது. தொடங்கிய ஆசிரியர் ஹென்றி ஓல்டன்பர்க். அவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ட்யூஷன் வாத்தியார்! பல மொழி தெரிந்தவர், ஊர் ஊராகக் கடிதம் எழுதுவார். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைச் சந்தேகப்பட்டு 1667-ல் அவரை லண்டன் கோபுரச் சிறையிலேயே போட்டார்கள். வெளியே வந்து மறுபடியும் இதழை நடத்தினார். ஆக, முதல் அறிவியல் இதழாசிரியர் நம்ம இனம்தான்.

அதன்பிறகு சுமார் 300 வருடம், நல்ல விஞ்ஞானி என்றால் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் நன்றாகப் பாட்டு சொல்லிக்கொடுப்பார் என்று நம்புகிற மாதிரி. அது எப்போதும் சரியாக இருப்பதில்லை என்று நமக்குத் தெரியும்.

1957-ல் அமெரிக்காவில் உயிரியல் இதழ்களின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று அது அறிவியல் ஆசிரியர்கள் மன்றமாக வளர்ந்து, புதிய ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. 1978-ல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கூடி, கட்டுரை எந்த வடிவில் வர வேண்டும் என்று பொது விதிகள் வகுத்தார்கள். 1982-ல் ஐரோப்பிய அறிவியல் ஆசிரியர்கள் சங்கம். 1997-ல் பிரிட்டனில் சில மருத்துவ இதழ் ஆசிரியர்கள், பித்தலாட்டக் கட்டுரை வந்தால் என்ன செய்வது என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதுதான் இன்று 'கோப்' என்று உலகமெங்கும் அறியப்படும் பதிப்பு நெறிமுறைக் குழு. எந்தச் சிக்கல் வந்தால் எந்தப் படி எடுக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கிய வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயிற்சிகளில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? நமக்கும் புரிகிற விஷயங்கள்தான். மதிப்பீட்டாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது. அவர் எழுதியவரின் நண்பரா, போட்டியாளரா, அதே துறையில் மேலதிகாரியா என்று எப்படிக் கவனிப்பது. ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு சோதனை என்று காட்டியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது. பிறர் எழுத்தைத் திருடியிருந்தால் என்ன செய்வது. அச்சான பிறகு தவறு தெரிந்தால் எப்படித் திருத்தம் போடுவது, எப்போது கட்டுரையையே திரும்பப் பெறுவது. மறுப்புக் கடிதத்தில் காரணத்தை எப்படி எழுதுவது. எழுதியவர் மேல்முறையீடு செய்தால் எப்படிக் கேட்பது.

நம் நாட்டில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. 1932-ல் பெங்களூரில் 'கரன்ட் சயின்ஸ்' தொடங்கியது. 1934-ல் ராமன் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவி ஆய்விதழ் நடத்தினார். இன்றும் அந்தக் கழகத்தின் இதழ்கள் வருகின்றன.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. எண்ணிக்கைக்கு மார்க் என்றால் என்ன நடக்கும் என்று பள்ளி ஆசிரியர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பணம் கொடுத்தால் இரண்டு நாளில் கட்டுரை போடும் கடைகள் புற்றீசல் மாதிரி முளைத்தன. மானியக் குழுவின் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த 1,009 இதழ்களை ஆராய்ந்த குழு ஒன்று, 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்று 2018-ல் கரன்ட் சயின்ஸில் எழுதியது. அதே வருடம் மே மாதம் 4,305 இதழ்களை மானியக் குழு பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எது நல்ல இதழ் என்று கல்லூரிகளும் ஆசிரியர்களுமே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அதாவது, என் மாணவன் மாதிரி ஆட்கள்தான் இனி பார்த்துக்கொள்ள வேண்டும்.

போலி இதழில் ஆசிரியர் குழு என்று முப்பது போட்டோ இருக்கும். அவர்களில் எத்தனை பேர் ஒரு கட்டுரையையாவது படித்திருப்பார்கள்? அந்த போட்டோக்கள் கடைக்கு வெளியே கட்டிய தோரணம். அதை நம்பி ஒரு மருத்துவரோ விவசாய அதிகாரியோ தவறான ஆய்வைப் பின்பற்றினால், பாதிப்பு யாருக்கு?

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்த சமயம். காலாண்டுத் தேர்வு. 'நீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்?' என்று ஒரு மார்க் கேள்வி. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை '93' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். பேப்பர் கொடுத்த அன்று எழுந்து நின்று, "டீச்சர், லேப்ல தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தப்போ 93ல கொதிச்சுது. எங்க தப்பு டீச்சர்?" என்று கேட்டாள். "புக்குல 100ன்னு போட்டிருக்கு. உட்காரு" என்றேன். தெர்மாமீட்டர் கெட்டுப் போயிருக்கும் என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது.

ஊட்டி கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால்தான் குக்கர் இல்லாத காலத்தில் இங்கே பருப்பு வேக அவ்வளவு நேரமானது. தினமும் அடுப்படியில் பார்த்த விஷயம்தான். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் வேறு ஏதோ பேச்சின் நடுவே இது வந்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்த 93-ஐச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்படியா டீச்சர், எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சிரித்தாள். அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனக்கு இரண்டு வருடப் பயிற்சி இருந்தது. சான்றிதழ் இருந்தது. அப்படியும் 'எங்க தப்பு?' என்று ஒரு பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார வைத்தேன். பயிற்சி பெற்றவளுக்கே இப்படி என்றால், பயிற்சியே இல்லாதவர் கையில் சிவப்பு மை கிடைத்தால்?

அதனால், தம்பி, உனக்கு என் பதில்.

அந்த மெயிலுக்கு வேண்டாம் என்று எழுதிவிடு. ஆசிரியராக ஆசைப்படுவது தவறு இல்லை. ஆனால் கீழ்ப்படியிலிருந்து ஏறு. முதலில் உன் துறையில் உள்ள நல்ல இதழ் ஒன்றுக்கு எழுதி, மதிப்பீட்டாளராகச் சேர்த்துக்கொள்ளச் சொல். உன் ஆய்வு வழிகாட்டியிடம் அவருக்கு வரும் கட்டுரைகளை, இதழின் அனுமதியோடு, உடன் உட்கார்ந்து மதிப்பிடக் கேள். 'கோப்' வழிகாட்டிகளைப் படி. நாலைந்து வருடம் போகட்டும். ஒவ்வொரு முறை 'தவறு' என்று எழுதும்போதும் எந்த வரியில், எந்தச் சமன்பாட்டில், ஏன் என்று எழுதப் பழகு. அப்படி எழுத முடியவில்லை என்றால், உனக்கு அது பிடிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

இதைப் போனில் சொன்னபோது, "சரி டீச்சர். ஆனா ப்ரமோஷன் லேட்டாகும்" என்றான். அது உண்மைதான். வீட்டுக் கடன், பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் அவனுக்கும் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் அறிவுரை சொல்வது சுலபம்.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். என் மாணவர்களில் யாராவது நல்ல ஆய்விதழ்களில் மதிப்பீட்டாளராகவோ ஆசிரியர் குழுவிலோ இருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இவனையும் இவன் மாதிரி இளைஞர்களையும் உங்களோடு பேச வைக்கிறேன். மாதம் ஒரு மணி நேரம், நீங்கள் ஒரு கட்டுரையை எப்படிப் படிக்கிறீர்கள் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

அடுத்த முறை ஊட்டிக்கு வந்தால் முத்தோரைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்